ஆட்டுத் தாடையும் ஒரு முன்பல்லும்

பதுளையில் நான் பல் வைத்தியம் பார்க்கத் தொடங்கிப் பத்து வருடம் ஆனபோது எனக்கு ஊரில் இருந்த ஒரே பெயர் ‘பல்லுப் பிடுங்குற டொக்டர்’. அதில் பொய் ஒன்றும் இல்லை. கடைவீதியில் வாப்பாவின் புடைவைக் கடைக்கு மேல்மாடியில் என் அறை இருந்தது. கீழே துணி கிழிக்கும் சத்தம் கேட்கும், மேலே பல் கழன்று தட்டில் விழும் சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு படியேறுவார்கள். கிராம்பு வைத்துப் பார்த்து, புகையிலை வைத்துப் பார்த்து, ஒன்றும் ஆகாத பிறகுதான் என்னிடம் வருவார்கள். அந்த நேரத்தில் காப்பாற்றுவதற்குப் பல்லில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பிடுங்குவேன். பஞ்சைக் கடித்துக்கொண்டு கீழே இறங்கி, வாப்பாவிடம் ஒரு சாரம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

படித்துப் பட்டம் வாங்கியவனுக்கு இது அலுப்புத்தான். ஒரு நாள் மாலை, அன்று பிடுங்கிய பற்கள் கிடந்த கிண்ணத்தைப் பார்த்து எனக்கே எரிச்சல் வந்தது. எடுப்பதற்குத்தான் இந்தக் கையா, ஒன்றையாவது திருப்பிக் கொடுக்க முடியாதா என்று நினைத்தேன். அந்த நினைப்பு மனதில் கிடந்த காலத்தில்தான் எண்பதுகளின் ஆரம்பத்தில் கண்டியில் அந்தப் பயிற்சி நடந்தது. தாடை எலும்பில் உலோகத் திருகு ஒன்றைப் பதித்து, எலும்பு அதைப் பற்றிக்கொண்ட பிறகு அதன்மேல் பல் கட்டுகிற முறை. வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார், சாதாரணப் பல் வைத்தியர்களும் சேரலாம், பேச்சோடு நிற்காமல் அவரவர் கையால் செய்து பழகலாம் என்று அறிவித்திருந்தார்கள். அப்போது எங்களில் பலர் அந்த முறையைப் பற்றிப் படித்துத்தான் இருந்தோம், கண்ணால் கண்டதில்லை.

அறிவித்தலின் கடைசி வரியில் ஒரு சிக்கல் இருந்தது. பழகுவதற்குப் பன்றித் தாடை தருவார்களாம். அதைத் தொட விருப்பமில்லாதவர்கள் வேறு மிருகத்தின் தாடையைத் தாங்களே கொண்டுவரலாமாம்.

எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சந்தைக்குள் இறைச்சிக் கடை வைத்திருந்தவர் என் மாமி மகன். ஆட்டுத் தாடை வேண்டும் என்று கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எனத்துக்கு மச்சான்? மனிசர் முடிஞ்சி இப்ப ஆட்டுக்கும் பல்லுக் கட்டப் போறீங்களா?”

“படிக்கிறதுக்கு. மேல் தாடை வேணும். முன்பக்கம் உடையாமல் வெட்டித் தரணும்.”

“படிப்பு முடியலயா இன்னும்? ஒங்கட வாப்பா ஒங்களப் படிப்பிச்ச காலத்துக்கு ரெண்டு கட வாங்கிப் போட்டீக்கலாம்.”

ஆனாலும் நல்லதாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். பெரிய பிஸ்கட் தகரத்தில் ஐஸ் போட்டு, மரத்தூள் போட்டு, தாடைகளை அடுக்கி, காலைக் கோச்சியில், ரயிலில்தான், கண்டிக்குப் புறப்பட்டேன். நானு ஓயாவில் குளிராக இருந்ததால் தப்பித்தேன். அதற்குப் பிறகு ஐஸ் உருகி, தகரத்திலிருந்து இளஞ்சிவப்புத் தண்ணீர் கசிந்து, எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியின் செருப்பு வரைக்கும் போய்விட்டது. ‘பிஸ்கட்டா?’ என்று கேட்டார். ‘படிப்பு’ என்றேன். அவர் பேராதனை வரைக்கும் என்னோடு பேசவே இல்லை.

பயிற்சி ஒரு நீண்ட மண்டபத்தில் நடந்தது. காலி, குருநாகல், யாழ்ப்பாணம் என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்த பல் வைத்தியர்கள் வெள்ளை அங்கியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பேராசிரியர் ஒல்லியான மனிதர், நரைத்த தலை, மெதுவான பேச்சு. முதல் பயிற்சியே மேல்வரிசை முன்பல். அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டு, அது இருந்த இடத்தில் திருகு பதிக்க வேண்டும். நான் தகரத்தைத் திறந்து ஒரு தாடையை எடுத்துப் பலகையில் இறுக்கிக் கட்டினேன். அவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு என்னிடம் வந்தார், குனிந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பக் குனிந்தார்.

“இதில் எந்தப் பல்லைப் பிடுங்கப் போகிறீர்கள்?” என்று கேட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். முன்பக்கத்தில் பல்லே இல்லை. வழவழவென்று ஒரு தடித்த ஈறு மட்டும் இருந்தது. அடுத்த தாடையை எடுத்தேன், அதிலும் இல்லை. மூன்றாவதையும் எடுத்தேன். மச்சான் பல்லையெல்லாம் தட்டிவிட்டுத் தந்துவிட்டாரோ என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. ஆட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது. உயர்தர வகுப்பில் விலங்கியல் படித்தவன் நான், வெள்ளிக்கிழமை தவறாமல் ஆட்டுத்தலைக் கறி தின்று வளர்ந்தவனும் நான். படித்த ஆடும் தின்ற ஆடும் ஒரே ஆடுதான் என்பது கண்டியில் அத்தனை பேருக்கு நடுவில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. மண்டபமே சிரித்தது. காலியிலிருந்து வந்த, பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த மூத்த டொக்டர் ஒருவர் எழுந்துவந்து பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி தூங்கப் போனார்.

பிறகு ஊருக்கு வந்து மச்சானிடம் சொன்னபோது அவரும் வாயைப் பிளந்தார். “அல்லாஹ்வே, இத்தன வருஷமா வெட்டுறன், நானும் கவனிக்கல்ல மச்சான்” என்று ஒரு தலையைத் தூக்கி உதட்டை விரித்துப் பார்த்தார்.

பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. ‘நமக்குத் தேவை பல் இல்லாத எலும்புதானே, உங்களுடையது பிடுங்குகிற வேலை மிச்சமான தாடை, துளையுங்கள்’ என்றார். துளைத்தேன். பன்றி எலும்பு கெட்டியானது, மற்றவர்கள் அழுத்திக்கொண்டு போனார்கள். ஆட்டின் முன் எலும்பு அப்பளம் போல மெல்லியது. என் முதல் துளையிலேயே படக்கென்று பிளந்துவிட்டது. இரண்டாவதும் பிளந்தது. அவர் என் பின்னால் நின்று, ‘மனித வாயிலும் முன்பக்கத்து எலும்பு இப்படித்தான் மெல்லியது. அவர்கள் பலத்தைப் படிக்கிறார்கள், நீங்கள் பயத்தைப் படியுங்கள், அதுதான் பிற்காலத்தில் உதவும்’ என்றார். துளைகருவியை மெதுவாகச் சுற்ற வேண்டும், குளிர்ந்த உப்புநீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், எலும்பு சூடேறினால் செத்துவிடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சாயங்காலமாகும்போது நான் கொண்டுவந்த தாடைகளில் கடைசியாக மிஞ்சிய ஒன்றில் திருகு நேராக இறங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாயில் எதையோ வைத்துவிட்டு எழுந்தேன். ஆட்டு வாய்தான். ஆனாலும் சந்தோஷம் சந்தோஷம்தானே.

கடைசி நாள் அவர் சொன்னது வேறு. திருகைப் பதித்து, ஈறை அதன்மேல் மூடித் தைத்துவிட வேண்டும். பிறகு மேல் தாடையென்றால் ஆறு மாதம் கைவைக்கக் கூடாது. எலும்பு மெல்ல வளர்ந்து உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டுத் திறந்து பல்லைக் கட்டினால் அது ஆடிப்போய், பிறகு ஒருநாளும் ஒட்டாது. ‘கையால் செய்யும் பயிற்சி என்று உங்களை அழைத்தேன். இந்த வேலையில் மிகக் கஷ்டமான பகுதி கையைக் கட்டிக்கொண்டு இருப்பது’ என்றார். எல்லோரும் தலையாட்டினோம். பிரிந்து போகும்போது ஆளுக்கு இரண்டு திருகும், அவற்றின்மேல் பல் கட்டுவதற்கான இரண்டு சின்னக் குமிழும், திருகைப் பூட்டவும் கழற்றவும் விரல் நீளத்தில் ஒரு சாவியும் தந்தார். அந்தச் சாவி இல்லாமல் எதுவும் செய்ய முடியாது. வேறு எந்தச் சாவியும் அதற்குப் பொருந்தாது.

பதுளைக்கு வந்ததும் திருகு பதிக்க ஆள் தேடினேன். முதல் தடவைக்கு இளவயதாக இருக்க வேண்டும், ஒற்றைப் பல்லாக இருக்க வேண்டும், வெற்றிலை போடக் கூடாது, அவசரம் இருக்கக் கூடாது என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் வெற்றிலை போடாத வாய் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த டவுன்காரர்களுக்கோ பெருநாளைக்கு முன்னால் பல் வேண்டும், கல்யாணத்துக்கு முன்னால் பல் வேண்டும். ஆறு மாதம் என்றதும் கதிரையிலிருந்து இறங்கிப் போய்விடுவார்கள்.

அந்தப் பெண் எனக்கு முன்பே பழக்கம். அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர், முப்பது வயதிருக்கும். கவ்வாத்து வெட்டிய மலையில், அதாவது தேயிலைச் செடிகளைக் கட்டையாக நறுக்கிவிட்ட சரிவில், மழைநாளில் வழுக்கி ஒரு கட்டையில் முகம் அடிபட விழுந்துவிட்டார். மேல்வரிசை முன்பல் வேர்வரை முறிந்தது. மிச்சத்தை எடுத்தவன் நான்தான். கழற்றி மாட்டுகிற செட்டு ஒன்று செய்து கொடுத்தேன். அதை வைத்தாலே ஓங்கரித்துக்கொண்டு வந்தது. அடுத்த வாரமே கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டார்.

“இத நீங்களே வச்சுக்கிருங்க டொக்டர் ஐயா. இத வாயில வச்சா சோறு உள்ள போகமாட்டேங்குது, உள்ள போன சோறும் வெளிய வருது.”

பக்கத்துப் பற்களை அராவி மூன்றையும் சேர்த்துப் பல் கட்டலாம் என்றேன். அதற்கும் ஒப்பவில்லை.

“ஒண்ணு போனதுக்காக நல்லா இருக்குற ரெண்டத் தேய்க்கிறதா? அதுக செஞ்ச குத்தம் என்ன?”

கண்டியிலிருந்து வந்த பிறகு அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. ஆள் அனுப்பினேன். அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தார், எதையும் சிரித்துக்கொண்டே பேசுகிறவர். இருவருக்கும் விஷயத்தை விளக்கினேன்.

“எலும்புல ஆணியா அடிக்கப் போறீங்க?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“ஆணி இல்லை. திருகு. இஸ்குருப்பு மாதிரி, சின்னது. ஆறு மாதத்தில் எலும்போடு ஒட்டிக்கொள்ளும்.”

அண்ணன் தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தார். “ஆறு மாசத்துலயா? அப்ப எங்கள விடக் கெட்டிக்கார இரும்புதான் ஐயா. நாங்க பாட்டன் காலத்துல இருந்து இங்க கெடக்கோம், இன்னும் ஒட்டலைன்னுட்டாங்களே.”

அந்தப் பேச்சுக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் பேசி, இந்திய வம்சாவளித் தோட்டத்து மக்களில் இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் ஒரே அறையில் பிறந்த அண்ணனுக்கு இலங்கை கிடைத்தது. தங்கைக்கும் அவர் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தியா விழுந்தது. அந்தப் பெண் பிறந்து வளர்ந்தது அப்புத்தளை, இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. எப்போது போக வேண்டும் என்று கேட்டேன். பெயர் பதிந்து வருடக்கணக்கில் காத்திருப்பவர்களே லயத்துக்கு லயம் இருக்கிறார்கள், நமக்கெல்லாம் இப்போதைக்கு வராது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் காலத்தில் அந்தக் காரியம் ஒருநாளும் சொன்ன நேரத்தில் நடந்ததில்லை.

பல் ஏன் அவ்வளவு முக்கியம் என்று அந்தப் பெண் சொன்னதை நான் மறக்கவில்லை. தோட்டத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது. நொண்டினால் ஒரு பெயர், கொன்னினால் ஒரு பெயர், ஒருமுறை பள்ளத்தில் விழுந்தால் சாகும்வரை அது ஒரு பெயர்.

“இங்க என்னயப் பல்லோட பாத்தவங்க ஐயா. அதுனால இப்ப பல்லு இல்லாட்டியும் பழைய பேருதான். போற எடத்துல மொதமொதப் பாக்குறவங்க ஓட்டப்பல்லுன்னு வச்சிருவாங்க. அப்புறம் எம் பிள்ளைக ஓட்டப்பல்லு பிள்ளைக. எனக்கு அது வேணாம். பல்லோட போயி எறங்கணும்.”

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. பழகுகிற கைக்கு யாரிடம் காசு கேட்பது, சும்மாதான் செய்தேன். திருகு பதித்த அன்று அவர் கண்ணை மூடிக்கொண்டு கதிரையின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். உதவிக்கு நின்ற நர்ஸ் குளிர்ந்த உப்புநீரை விட்டுக்கொண்டே இருந்தார். கண்டியில் பிளந்த அந்த இரண்டு துளைகளும் என் விரலில் இருந்தன. அழுத்தவே இல்லை. திருகு நேராக இறங்கியது. ஈறை மூடித் தைத்துவிட்டு நிமிர்ந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ‘முடிஞ்சிருச்சா? கண்ணாடியக் குடுங்க’ என்றார். கண்ணாடியில் பழைய ஓட்டைதான் தெரிந்தது. என்னைப் பார்த்த பார்வையில், ஏமாற்றிவிட்டான் என்ற எண்ணம் பச்சையாகத் தெரிந்தது.

மாதம் ஒருமுறை வருவார். வாயைத் திறந்து காட்டுவார். வெளியே ஒன்றும் தெரியாது, ஈறு ஆறிப்போய் ரோஜா நிறத்தில் இருக்கும். லயத்தில் அவரைக் கேலி செய்தார்களாம். ‘டொக்டரு ஒன் வாயில வெத போட்டிருக்காரு, காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப கொஞ்சம் தண்ணி ஊத்திட்டுப் போ, மொளைக்கும்’ என்று. இதைச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார், சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார். அந்தக் கை மேலே போவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் நாட்காட்டியைத் திரும்பிப் பார்ப்பேன். அந்தக் கைக்கு வேலையில்லாமல் செய்ய வேண்டும் என்று எனக்குள்ளே ஒரு வீம்பு வளர்ந்திருந்தது.

நாலாம் மாதம் அவர் மாத முறைக்கு முன்னதாகவே வந்தார். அண்ணனும் கூட வந்திருந்தார். அண்ணன் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

“தேதி வந்துருச்சு ஐயா” என்றார்.

வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள் காத்திருக்க, இவர்களுக்கு முந்திக்கொண்டு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் கோச்சி, தலைமன்னாரில் கப்பல். அந்தப் பெண் நேராகப் போய்க் கதிரையில் உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

“இப்பவே போட்டு விட்டுருங்க.”

நான் கையைக் கழுவிக்கொண்டு நின்றேன். தேவைக்கு மேலேயே கழுவினேன். குமிழ் இருந்தது, சாவி இருந்தது, பல்லைச் செய்து வாங்க ஒரு வாரம் போதும். போட்டுவிட்டால் பல்லோடு கப்பலேறுவார், பல்லோடு இறங்குவார். ஒட்டாத எலும்பில் அது எத்தனை நாள் நிற்கும்? ஒரு தேங்காய்ச் சில்லைக் கடித்தால் ஆடத் தொடங்கும். பிறகு திருகும் போகும், அதைப் பிடித்திருந்த எலும்பும் போகும், அந்த இடத்தில் இனி ஒருநாளும் பல் வைக்க முடியாது. அங்கே அவர் என்னைத் தேடி வரவும் முடியாது. போடாமல் அனுப்பினால், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான். அங்கே இந்த முறை தெரிந்த ஒரு பல் வைத்தியர் அகப்படுவாரா என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். பக்கத்துப் பல்லோடு தற்காலிகமாக ஒட்டிவிடுகிற பசை எல்லாம் அன்றைக்குப் பதுளைக்கு வந்திருக்கவில்லை.

அவர் வாயைத் திறந்தபடியே காத்திருந்தார். நான் போட மாட்டேன் என்றேன்.

வாய் மூடியது. எழுந்திருக்கவில்லை. நான் காரணத்தையெல்லாம் சொன்னேன், சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்காமல் போனது. கடைசியில், ‘பதறாத காரியம் சிதறாதும்மா’ என்று ஒரு பழமொழியையும் சொல்லிவைத்தேன்.

“நாங்க எப்ப ஐயா பதறுனோம்?” என்றார். சத்தம் போடவில்லை. “பதறாம இருந்தவங்கதான் இப்ப செதறிப் போறோம்.”

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. ஒரு பல் வைத்தியன் நோயாளிக்கு முன்னால் அழுதால் நன்றாகவா இருக்கும்? மேசை இழுப்பறையைத் திறந்து, குமிழையும் சாவியையும் எடுத்து, வாப்பாவின் கடைத் துணித்துண்டு ஒன்றில் சுற்றி அவர் கையில் வைத்தேன். அங்கே போய் இரண்டு மாதம் பொறுத்து எந்தப் பல் வைத்தியரிடமாவது இதைக் காட்ட வேண்டும், அவருக்கு வேண்டியதை இந்தத் தாளில் இங்கிலிஷில் எழுதியிருக்கிறேன் என்றேன்.

அவர் சாவியைப் பிரித்துப் பார்த்தார்.

“இது ஒண்ணுதான இருக்கு ஒங்ககிட்ட? இன்னொரு இஸ்குருப்பு வச்சிருக்கேன்னு சொன்னீங்களே, அதுக்கு?”

“அதைப் பிறகு பார்க்கலாம்.”

அவர் என்னை மன்னித்தாரா என்று அன்றைக்குத் தெரியவில்லை. துணியை முந்தானையில் முடிந்துகொண்டு, அண்ணனின் பின்னால் படியிறங்கிப் போனார்.

அவர்கள் புறப்பட்ட அன்று நான் அப்புத்தளை ஸ்டேஷனுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், வாயை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேடை முழுக்கப் பனிமூட்டமும் ஜனமுமாக இருந்தது. தகரப் பெட்டிகள், அம்மிக்கல், கூண்டில் ஒரு கோழி. போகிறவர்கள் இருப்பவர்களின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். சாவு வீட்டில்கூட அழுகிறவர்கள் ஒரு பக்கம்தான் இருப்பார்கள், இங்கே இரண்டு பக்கமும் அழுதார்கள். அந்தப் பெண் கோச்சிப் பெட்டியின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், மடியில் சின்னப் பிள்ளை. என்னைக் கண்டதும் தலையை வெளியே நீட்டி வாயைத் திறந்தார்.

நான் சட்டைப் பையிலிருந்த சின்ன டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். ஈறு நன்றாக இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. சுற்றிலும் ஜனம் கதறிக்கொண்டிருக்க, நடுவில் ஒருவன் ஒருத்தியின் வாய்க்குள் டோர்ச் அடித்துக்கொண்டு நிற்கிற அதிசயத்தைப் பார்த்துப் பக்கத்து ஜன்னலில் ஒரு கிழவர் அழுகையை நிறுத்திவிட்டார். அதைப் பார்த்து அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. வழக்கம்போல் கையால் வாயை மூடிக்கொண்டார். கோச்சி நகர்ந்தபோது அந்தக் கையை எடுத்து முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினார். அண்ணன் மேடை முடியும்வரை கூடவே ஓடினார்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் கப்பலே நின்றுபோய்விட்டது. எண்பத்துமூன்றின் கலவரமும் போருமாக நாட்டில் நடந்தவை எல்லோருக்கும் தெரியும், கடைவீதியும் பழைய கடைவீதியாக இருக்கவில்லை. நான் பழையபடி பல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது திருகு சீசாவுக்குள் அப்படியே இருந்தது. சாவிக்காக வெளிநாட்டுக்கு எழுதிப் பார்த்தேன். பேராசிரியர் ஓய்வுபெற்றுவிட்டார், அந்த மாதிரித் திருகை இப்போது செய்வதில்லை என்று பதில் வந்தது. கண்டிக்கு வந்த மற்றவர்களிடமும் கேட்டேன். காலி டொக்டர் தன்னுடையதை எங்கே வைத்தார் என்றே தெரியாது என்றார். அவர் பயிற்சியில் விழித்திருந்ததே ஆட்டுப் பல்லைப் பார்க்க வந்த நேரம் மட்டும்தான், அவரைச் சொல்லி என்ன பயன்?

சில வருடம் கழித்து ஒரு நாள் காலையில் அந்த அண்ணன் படியேறி வந்தார். முன்வழுக்கை விழுந்திருந்தது. தோட்டத்தை விட்டுவிட்டு அப்புத்தளையில் ஒரு தேத்தண்ணிக் கடை போட்டிருந்தார். தங்கை மகளின் சடங்குக்குப் பிளேன் ஏறித் திருச்சிக்குப் போய், அங்கிருந்து நீலகிரிக்குப் போய் வந்ததாகச் சொன்னார். அங்கேயும் அந்தப் பெண்ணுக்குத் தேயிலை வேலைதான். நான் வாய் திறப்பதற்கு முன்பே என் கையில் ஒரு துணிப் பொட்டலத்தை வைத்தார். வாப்பாவின் கடைத் துணி, நிறம் மங்கியிருந்தது. உள்ளே சாவி இருந்தது. குமிழ் இல்லை.

“போட்டாச்சு ஐயா! போட்டுட்டாங்க. ரொம்ப நாளா யாருக்கும் தெரியலையாம், எத்தனையோ பேரு கையெடுத்துக் கும்புட்டு அனுப்பிட்டாங்களாம். அப்புறம் கோயம்புத்தூர்ல ஒரு டாக்டரு ஒங்க கடுதாசியப் படிச்சிட்டு எக்ஸ்ரே எடுத்தாராம். எலும்போட எலும்பாப் புடிச்சிருக்கும்மா, ஒடச்சாத்தான் எடுக்க முடியும், எந்த மகராசன் போட்டான்னு கேட்டாராம். நாங் கண்ணால பாத்தேன். அச்சு அசல் சொந்தப் பல்லு. சிரிக்கிறப்ப கையே மேல போறதில்ல.”

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். நோயாளிகள் உட்காருகிற கதிரையில்தான். பிடுங்கிய அத்தனை பல்லுக்கும் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மலைக்கும் கடலுக்கும் அப்பால் ஒரு வாயில் என் கை வேலை சிரித்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்குப் போட மாட்டேன் என்று சொன்னது சரிதான். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த நாளை நினைத்து நெஞ்சு வலிக்கவில்லை.

“இன்னொரு இஸ்குருப்பு சும்மா கெடக்கும்ல, யாருக்காச்சும் போட்டு விடச் சொல்லுன்னுதான் சாவியக் குடுத்து விட்டா” என்றார் அண்ணன்.

“அப்போ ஓட்டப்பல்லு என்று யாரும் பெயர் வைக்கவில்லை” என்றேன் பெருமையோடு.

அவர் சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

“இல்லீங்க. அவ ஓட்டப்பல்லோடதான எறங்குனா, அப்பயும் அந்தப் பேர ஒருத்தரும் வைக்கல. எறங்குன அன்னைக்கே வேற பேரு வச்சிட்டாங்க. இன்னைக்கும் அதுதான். பிள்ளைகளுக்கும் அதுதான்.”

“என்ன பெயர்?”

“சிலோன்காரி.”

பாட்டன் காலத்திலிருந்து இங்கேயே வாழ்ந்த குடும்பத்துப் பெண்ணை, இங்கே எல்லாத் தாளிலும் இந்தியாக்காரி என்றுதான் எழுதியிருந்தார்கள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. சாவியைத் திரும்பத் துணியில் சுற்றினேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதல் சொல்ல வேண்டியது தன் பொறுப்பு என்பதுபோல் கதிரையின் கைப்பிடியைத் தட்டினார்.

“ஆனா பல்லு அசையல ஐயா” என்றார். “அது நல்லாப் புடிச்சிக்கிச்சு.”